நகரை ஆண்டவர்கள் – 5: கவுன்சிலரின் கைப்புத்தகம்

1391 ஆகஸ்ட் மாதம். நூரெம்பெர்க்கில் கோபுரம் ஒன்றின் சிற்றறைக்குள் இரண்டு இத்தாலியர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். பிரான்செஸ்கோ, மார்கோ, கூடப்பிறந்தவர்கள். அவர்கள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. காகிதம் செய்யத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். அடைத்தவர் அவர்களுக்குக் கூலி கொடுத்த முதலாளி உல்மன் ஸ்ட்ரோமர். வேலைக்காரர்களைப் பிடித்துக் கோபுரத்தில் போட ஓர் ஆலை முதலாளிக்கு எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? முதலாளி நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

ஸ்ட்ரோமர் பிறந்தது 1329. அவர் குழந்தையாக இருந்தபோதுதான் நூரெம்பெர்க் தன் நகர்மன்றக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. 1332இல் தொடங்கி 1340இல் முடிந்த வேலை. மேலே விசாலமான மண்டபம். கீழே நிலவறையில் பன்னிரண்டு சிறைக்கொட்டடிகள், ஒரு சித்திரவதைக் கூடம். சட்டம் போடுவதும் வழக்கு விசாரிப்பதும் ஆளை அடைப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அந்த நிலவறை இன்றைக்கும் இருக்கிறது.

கவுன்சிலர் என்றதும் வார்டு, ஓட்டு, தேர்தல் என்று நினைத்துவிட வேண்டாம். நகரத்தை நடத்தியது சில பணக்கார வணிகக் குடும்பங்கள். முக்கியமான உறுப்பினர்கள் 26 பேர். இவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து நான்கு வாரத்துக்கு நகரத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்பார்கள். பதின்மூன்று ஜோடி, நான்கு நான்கு வாரம், ஆண்டு முடிந்துவிடும். பேக்கர், இறைச்சிக் கடைக்காரர், தோல் பதனிடுபவர், பீர் காய்ச்சுபவர் போன்ற தொழிலாளர்களுக்குப் பிற்பாடு எட்டு இடங்கள் கிடைத்தன. ஆனால் முடிவு எடுக்கும் கை அவர்களுடையதாக இருக்கவில்லை. 1348இல் கைவினைஞர்கள் கிளர்ந்தெழுந்து பழைய மன்றத்தை விரட்டினார்கள். அடுத்த ஆண்டே மன்னர் நான்காம் கார்ல் பழைய குடும்பங்களைத் திரும்ப உட்கார வைத்தார். அதோடு கைவினைஞர்கள் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் அந்த நகரத்தில் போயிற்று.

ஸ்ட்ரோமர் இந்த மன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உட்கார்ந்தவர். பிழைப்பு வணிகம். ஜெனோவா, மிலான், பார்சிலோனா, கிராக்கோவ் என்று அவர் குடும்பத்தின் தொடர்புகள் விரிந்திருந்தன. எந்த ஊரில் எந்த எடைக்கல், எங்கே எவ்வளவு சுங்கம் என்று குறித்து வைத்திருக்கிறார். ஜெர்மன் நாடுகளில் இப்படிப்பட்ட பெருவணிகர்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'மிளகு மூட்டைகள்'. மலபார் கரையில் காய்த்த மிளகு வெனிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலை தாண்டி நூரெம்பெர்க் சந்தைக்கு வந்து சேர்ந்த காலம் அது.

இவ்வளவும் நமக்குத் தெரிவது அவர் எழுதி வைத்த புத்தகத்தால். 1360இல் தொடங்கி, 1407இல் இறக்கும் காலம் வரை எழுதினார். லத்தீனில் அல்ல, வீட்டில் பேசிய ஜெர்மன் மொழியில். 'என் குலத்தையும் வணிகச் சாகசங்களையும் பற்றிய சிறு புத்தகம்' என்று பெயர். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார், அரசர்கள் என்ன செய்தார்கள், எந்த ஊரில் என்ன விலை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

அதில் அவர் ஆசையாக எழுதிய பகுதி காகித ஆலையைப் பற்றியது. 1390இல், நகர மதிலுக்கு வெளியே பெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மாவு ஆலையைக் காகித ஆலையாக மாற்றினார். ஜெர்மன் மண்ணில் நமக்குத் தெரிந்த முதல் காகித ஆலை அதுதான். அதுவரை காகிதம் இத்தாலியிலிருந்து வர வேண்டும். செய்முறை கடினமானது. கந்தல் லினன் துணிகளைப் பொறுக்கி, ஊறப்போட்டு அழுகவிட வேண்டும். தண்ணீர்ச் சக்கரம் சுழல, கனத்த மர உலக்கைகள் தூக்கித் தூக்கி இடித்து அதைக் கூழாக்கும். கம்பிச் சல்லடையைத் தொட்டிக்குள் முக்கி எடுத்தால் மேலே மெல்லிய படலம் ஒன்று நிற்கும். அதைக் கம்பளித் துணியில் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் உலர்த்தி, மிருகப் பசையில் தோய்த்தால்தான் மை ஊறாத தாள் கிடைக்கும். சல்லடையை எந்தக் கணத்தில் எப்படி அசைப்பது என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கை இத்தாலியர்களிடம் இருந்தது.

அதனால்தான் சத்தியம் வாங்கினார் ஸ்ட்ரோமர். லம்பார்டி மலைகளுக்கு இந்தப் பக்கம், அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் தவிர வேறு யாருக்கும் காகிதம் செய்து தர மாட்டோம் என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. ஆலையில் இரண்டு சக்கரங்கள், பதினெட்டு உலக்கைகள். மூன்றாவது சக்கரம் வைக்கலாம் என்று அவர் கேட்டபோது அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு 200 கில்டருக்கு ஆலையைத் தங்களுக்கே குத்தகைக்கு விடும்படி கேட்டார்கள். ஸ்ட்ரோமர் மறுத்தார். வேலை இழுத்தடித்தது. பிறகுதான் கோபுரம். நான்கு நாளில் அவர்கள் பணிந்தார்கள். புதிதாக ஒரு சத்தியம் எழுதப்பட்டது. ஒரு தொழிலின் ரகசியத்தைக் காக்க நகர அதிகாரம் எவ்வளவு எளிதாகக் கைகொடுத்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

காகித ஆலைக்கு இத்தனை வரிகள் செலவிட்ட அந்தக் கை, வேறொரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போது மனம் கனத்துவிடுகிறது.

1349 டிசம்பர் 5, புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தைய நாள். நூரெம்பெர்க்கில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். யூத சமூகத்தின் நினைவேட்டில் பதிவானவர்கள் 562 பேர். அன்று ஸ்ட்ரோமருக்கு இருபது வயது. யூதர்கள் எரிக்கப்பட்டார்கள் என்று நாளோடு குறிக்கிறார், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இது திடீரென வெடித்த கலவரமும் அல்ல. யூதர் வீடுகளை இடித்துச் சந்தை அமைக்கவும், அவர்கள் தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் தேவாலயம் எழுப்பவும் மூன்று வாரம் முன்பே, நவம்பர் 16 அன்று, மன்னர் கார்ல் அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தார். அதைப் பெற்று வந்தவர் இன்னொரு ஸ்ட்ரோமர், உல்ரிக்.

சில ஆண்டுகளில் யூதர்கள் மீண்டும் குடியேற அனுமதிக்கப்பட்டார்கள். 1385இல், உல்மன் மன்றத்தில் இருந்த காலத்திலேயே, நூரெம்பெர்க்கும் ஸ்வாபிய நகரங்களும் மன்னர் வென்செலுக்கு 40,000 கில்டர் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. யூதர்களுக்கு வர வேண்டிய கடன்கள் குறைக்கப்பட்டன. மீதியை வசூலிக்கும் உரிமை நகரங்களின் கைக்குப் போனது. யூதர்களைச் சிறைப்பிடித்து, கடன் பத்திரங்களைப் பிடுங்கினார்கள். ஸ்ட்ரோமரைத் தொழில் முன்னோடி என்று மட்டும் கொண்டாடும் கட்டுரைகள் பல இருக்கின்றன. இதை விட்டுவிட்டு எழுதுவது நியாயம் ஆகாது.

1407 ஏப்ரல் 3 அன்று உல்மன் இறந்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1404இல், நகர்மன்றம் வெளியூர்களுக்கு அனுப்பும் கடிதங்களைத் தொகுதி தொகுதியாகப் படியெடுத்து வைக்கத் தொடங்கியிருந்தது. காகிதத்தின் தேவை அப்படி வளர்ந்துகொண்டிருந்தது. 1493இல் அச்சான ஹார்ட்மன் ஷெடலின் உலக வரலாற்று நூலில் நூரெம்பெர்க்கின் பெரிய படம் ஒன்று உண்டு. அதன் வலது கீழ் மூலையில், மதிலுக்கு வெளியே அந்தக் காகித ஆலை இருக்கிறது. இடிக்கப்பட்ட யூதர் குடியிருப்பின் மேல் அமைந்த சந்தைத் திடலில்தான் இன்று நூரெம்பெர்க்கின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சந்தை ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறது.

அடுத்த வாரம்: நகரக் கஜானாவின் பொறுப்பில் இருந்து, 1469 பிப்ரவரியில் அதே நகர்மன்றத்தால் தூக்கிலிடப்பட்ட கவுன்சிலர் நிக்கோலாஸ் முஃபெல்.