'சரணம் வந்தா குரல் போயிடுது!' - உச்ச ஸ்தாயியில் தவிக்கும் பாடகர் குழுக்கள்

தீபாவளி முடிந்துவிட்டால் வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. மருந்தும் திரியுமாக ஓடிய கைகளுக்கு அப்போதுதான் சற்று நேரம் கிடைக்கும். அடுத்த பண்டிகை கிறிஸ்துமஸ். தேவாலயங்களில் பாடகர் குழுப் பயிற்சி களைகட்டுவதும் அந்த நாள்களில்தான்.

பல்லவி வரை எல்லோரும் உற்சாகமாகப் பாடுவார்கள். சரணத்தில் பாட்டு மேலே ஏறும்போதுதான் சிக்கல். சிலருக்குக் குரல் கிறீச்சிடும். சிலருக்குக் காற்றுதான் வரும். பலர் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். நாலு நாள் வாயசைத்த பிறகு, 'நமக்கெல்லாம் பாட்டு வராது' என்று ஐந்தாம் நாள் பயிற்சிக்கே வர மாட்டார்கள்.

அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குரலில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு ஸ்ருதியில்!

பொதுவாக ஆண்களுக்கு ஒன்று, இரண்டு கட்டை வசதி. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடும்போது ஆண் குரலுக்கு ஏற்றபடி ஸ்ருதி வைத்துவிட்டால், பெண்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். மேல் ஸ்தாயி எட்டாது. கீழே இறங்கினால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பெண்களுக்கு ஏற்றபடி வைத்தால் ஆண்களுக்கு இதே கதி. இப்போது இன்னொரு வம்பும் சேர்ந்திருக்கிறது. செல்போனில் பாட்டைக் கேட்டு, அதே ஸ்ருதியில் கீபோர்டில் வாசித்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் பல வருடம் பயிற்சி எடுத்த பின்னணிப் பாடகராக இருப்பார்!

பள்ளிக்கூடத்து தேசிய கீதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆரம்பிக்கும் மாணவி கொஞ்சம் தூக்கலாகத் தொடங்கிவிட்டால், கடைசியில் வெற்றி முழக்கம் வரும் இடத்தில் மொத்தப் பள்ளியும் தடுமாறும். அந்தப் பாட்டுக்கு ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் வேண்டும். எங்கே தொடங்குகிறோம் என்பதிலேயே கடைசி வரியின் தலையெழுத்து இருக்கிறது.

உச்ச ஸ்தாயி மீது நமக்கு ஏன் இத்தனை மோகம்? அதற்கு நாடக மேடைதான் முக்கியக் காரணம். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்க வேண்டுமென்றால் உச்சத்தில் பாடியே ஆக வேண்டும். செங்கோட்டை கிட்டப்பா, கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் ஜோடியின் புகழே அப்படிப்பட்ட குரலில் எழுந்ததுதான். கிட்டப்பா 1933-ல் மறைந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு ஊருக்கு ஊர் மைக் வந்துவிட்டது. ஆனாலும் 'மேலே போனால்தான் பாட்டு' என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

அந்த மேடையிலேயே உச்சம் தொலைத்தவர்களும் உண்டு. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களுக்குப் பதின்ம வயதில் குரல் உடைவதை 'மகரக்கட்டு' என்பார்கள். குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் ஆண் பிள்ளைகளின் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். நேற்று வரை கைத்தட்டல் வாங்கிய பையனுக்கு இன்று பாட்டு இருக்காது. வேஷமும் இருக்காது.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்த புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவுக்கும் இதுதான் நடந்தது. குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியேறினார். ஆனால், பாட்டை விடவில்லை. முறையாகச் சங்கீதம் கற்றார். கூடவே சிலம்பம், பளு தூக்குதல் என்று உடம்பையும் தேற்றினார். மாறிய குரலோடு திரும்பி வந்தவர்தான் 1940-ல் 'உத்தமபுத்திரன்', 1942-ல் 'கண்ணகி' படங்களில் பாடி நடித்து பெரிய நட்சத்திரமானார். பாடகர் குழுவில் பதிமூன்று வயதுப் பையன் திடீரென்று கரகரத்தால் சிரிக்காதீர்கள். கொஞ்ச நாளைக்குத் தாழ்ந்த பகுதியைக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள்.

உண்மையில் சேர்ந்திசையின் வசதியே அதுதான். மேற்கத்திய முறையில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு பகுதிகள். எல்லோரும் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் உருவாக்கிய 'மெட்ராஸ் யூத் கொயர்' இந்திய மொழிப் பாடல்களையே இப்படிப் பல குரல் பகுதிகளாகப் பாடிக் காட்டியது. ஆல்டோவுக்கு மாற்றினால் 'என்னை ஒதுக்கிட்டாங்க' என்று முகம் வாடுபவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஆனால், அந்தப் பகுதியைப் பிசகாமல் பாடக் காது கூர்மையாக இருக்க வேண்டும்.

பகுதி பிரிக்கத் தெரிந்த ஆள் இல்லையா? கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' பட்டன் இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் அரைக் கட்டை இறங்கும். இரண்டு, மூன்று முறை அழுத்திப் பாருங்கள். வாயசைத்துக்கொண்டிருந்தவர்கள் பாட ஆரம்பிப்பார்கள்.

அதற்குப் பிறகும் எட்டவில்லை என்றால்தான் பயிற்சி. மேலே போவதற்காகக் கத்தக் கூடாது. சத்தம் வேறு, ஸ்ருதி வேறு. குரல்நாண்கள் இழுபட்டு வேகமாக அதிர்ந்தால்தான் ஸ்ருதி ஏறும். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால் அவை இறுகத்தான் செய்யும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று தாழ்வாகத் தொடங்கி, அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறலாம். உச்சத்தில் 'இ', 'உ' வரும் சொற்களில் வாயைச் சற்று அதிகமாகத் திறந்தால் குரல் சுலபமாக வெளிவரும்.

பனங்கற்கண்டும் இஞ்சியும் இதமாக இருக்கும், அவ்வளவுதான். விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல்நாண்கள் இருப்பதோ மூச்சுப் பாதையில். நாள் முழுக்க அடிக்கடி குடிக்கும் தண்ணீர்தான் அவற்றுக்கு மருந்து. தூசியிலும் இரைச்சலிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். கிறிஸ்துமஸ் ஆராதனை பல ஊர்களில் விடியும் முன்பே தொடங்கிவிடும். தூங்கி எழுந்த குரல் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். மாலைப் பயிற்சியில் எட்டிய ஸ்ருதி அதிகாலையில் எட்டாது. அன்று அரை மணி நேரம் முன்னதாக எழுந்து 'ம்ம்ம்' போடுங்கள். கீபோர்டுக்காரரிடமும் முதல் பாட்டுக்கு மட்டும் இன்னொரு அரைக் கட்டை இறக்கச் சொல்லிவிடுங்கள்.