ஆயில் இன்ஜின் ரீபோர்: அளந்த பிறகே கடையுங்கள்!

நிலக்கடலையில் விழுது இறங்கும் நேரம். ஆய்வுக்குச் சென்ற வயலில் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. இறைக்க வேண்டிய ஆயில் இன்ஜினோ பட்டறையில் கிடந்தது. "போன வருஷம்தான் சார் ரீபோர் பண்ணினேன். மறுபடியும் புகை கக்குது" என்றார் அந்த விவசாயி. பட்டறைக்குப் போய்ப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஏர் பில்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாக்குத் துணி கட்டியிருந்தது.

பூக்கும், விழுது இறங்கும், காய் பிடிக்கும் பருவங்களில் ஈரம் குறைந்தால் நிலக்கடலை மகசூல் நேரடியாகப் பாதிக்கும். எனவே இன்ஜின் பராமரிப்பும் பயிர்ப் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

ரீபோர் ஏன்?

பிஸ்டன் தொடர்ந்து மேலும் கீழும் ஓடுவதால் சிலிண்டரின் உட்சுவர் தேய்கிறது. மேல் ரிங் உரசும் பகுதியில் தேய்மானம் அதிகம், கீழே குறைவு. வட்டமும் கோணலாகிறது. அந்தச் சுவரைச் சீராகக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடுவதே ரீபோர்.

புகை வந்தாலே ரீபோர் தேவை என்று முடிவு செய்யக் கூடாது. கறுப்புப் புகைக்கு நாசில் கோளாறு, அடைத்த ஏர் பில்டர், அதிகச் சுமை காரணமாகலாம். நீலப் புகை, இன்ஜின் ஆயில் அடிக்கடி குறைதல், பிரீதர் வழியே புகை, ஹேண்டில் சுற்றும்போது அழுத்தம் இல்லாமை ஆகியவை சேர்ந்து தெரிந்தால் சிலிண்டர் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். அழுத்தம் குறைய வால்வும் காரணமாகலாம் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில் அளவு, அடுத்து பிஸ்டன்

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 80 மி.மீ. சிலிண்டர் ஓரிடத்தில் 80.30 மி.மீ. ஆகியிருந்தால், 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் உதவாது, 0.50 மி.மீ. தேவை. அந்த பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டருடன் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து, கம்பெனி சொல்லும் இடைவெளி விட்டுத்தான் கடைய வேண்டும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆயில் குடிக்கும்.

'பெரிதாகக் கடைந்தால் தண்ணீர் கூடும்' என்று சிலர் நினைக்கிறார்கள். 80 மி.மீ. சிலிண்டரை 81 ஆக்கினாலும் பரப்பு சுமார் 2.5 சதவீதமே கூடும். நீரில் வித்தியாசம் தெரியாது. ஆனால், கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. தேவைக்கு மேல் கடைந்தால் அடுத்த ரீபோருக்கான வாய்ப்பு போய்விடும். கடைசி ஓவர்சைஸும் தேய்ந்த பிறகு ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். லைனர் உள்ள இன்ஜினில் லைனரையே மாற்றிவிடலாம்.

பூட்டுவதற்கு முன்

கடைந்த பிறகு ஹானிங் அவசியம். சுவரில் விழும் மெல்லிய குறுக்குக் கோடுகள்தான் ஆயிலைப் பிடித்து வைக்கும். பிறகு சிலிண்டரைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை கழுவி, துருப்பிடிக்காமல் உடனே ஆயில் பூச வேண்டும். உள்ளே தங்கும் பொடி புது ரிங்கை அரித்துவிடும்.

தொடக்கத்தில் குறைந்த சுமையில் ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். ஏர் பில்டரைச் சரிசெய்யாமல் இன்ஜினை இயக்கவே கூடாது. வயல் புழுதி உள்ளே போனால் செய்த செலவெல்லாம் வீண்.

இந்த வேலையை விதைப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். அறுவடை முடிந்து இன்ஜின் சும்மா இருக்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. பயிர் தண்ணீர் கேட்கும்போது பட்டறை வாசலில் காத்திருக்க முடியாது.