அண்ணனைக் கேலி செய்ய ஒரு கவுண்டமணி

தமிழ்க் குடும்பங்களில் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு எழுதி வைக்கப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. மச்சான், கொழுந்தியாள், அத்தை மகள், மாமன் மகன் என முறை உள்ளவர்களைக் கிண்டல் செய்வது உரிமையாகவே கருதப்படுவதால், கல்யாண வீட்டில் மைத்துனிமார் மாப்பிள்ளையைச் சீண்டாமல் விட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் இருக்கிறதென்று உறவினர்கள் முணுமுணுப்பார்கள். தாத்தாவும் பேரனும் ஒருவரையொருவர் வாருவதும் இந்த ஒழுங்குக்குள் அடங்கும். ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கமே இடமளிப்பதும், கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அதே வழக்கம் எதிர்பார்ப்பதுமான இத்தகைய உறவை மானிடவியலார் கேலியுறவு என்பர். இதைப் பற்றி 1940இல் கட்டுரை எழுதிய ஆங்கிலேய அறிஞர் ராட்கிளிஃப்-பிரவுன், நெருக்கமும் விலக்கமும் ஒருங்கே அமைந்த உறவுகளில் பகை மூளாமல் காப்பது இந்தக் கேலிதான் என்று விளக்கினார்.

இந்த ஒழுங்கில் உடன்பிறந்தவர்களுக்கு மட்டும் தெளிவான இடம் கிடைக்கவில்லை. அண்ணன் தந்தைக்கு அடுத்தவர், அக்கா இன்னொரு தாய் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்க்கப்படுகிறார்கள். அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பல வீடுகளில் இன்றும் வழக்கமில்லை. ஆனால் ஒரே பாயில் புரண்டு, ஒருவர் போட்ட சட்டையை அடுத்தவர் போட்டு வளர்ந்தவர்களுக்கு ஒருவரின் அசட்டுத்தனம் மற்றவருக்கு அத்துப்படி. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு வகைகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைச் சொல்கிறது. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது சிறுபிள்ளைத்தனம். பேதைமையும் மடனும் அறியாமையின் இரு வடிவங்கள். இந்த நான்கும் ஒரே கூரையின் கீழ் குறைவின்றிக் கிடைப்பது உடன்பிறந்தவர்களிடம்தான் என்பதை இரண்டு பிள்ளைகள் உள்ள எந்தத் தாயும் ஒப்புக்கொள்வாள். சிரிக்கக் காரணம் ஏராளமாகவும், சிரிக்க அனுமதி குறைவாகவும் உள்ள இந்த நிலையில்தான் தமிழ்க் குடும்பத்துக்குத் திரைப்படம் கைகொடுத்தது.

வீட்டுக் கூடத்தில் அன்றாடம் நிகழ்வது இது. அண்ணன் அலுவலகத்தில் தான் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது என்று அளந்துகொண்டிருக்கிறான். தம்பி தலையைச் சற்றே சாய்த்து, கவுண்டமணியின் குரலில், கவுண்டமணி செந்திலைப் பார்த்துச் சொன்ன ஒரு வரியைச் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அதையே தன் சொந்தச் சொல்லில் சொல்லியிருந்தால் அப்பா அதட்டியிருப்பார், அண்ணனும் அடிக்கக் கை ஓங்கியிருப்பான். இப்போதோ அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். ஏனெனில் பேசியது தம்பி அல்ல, கவுண்டமணி. இரவல் குரல் மரியாதைக் குறைவுக்கு உரிமம் வாங்கித் தருகிறது. முறை உறவுகளுக்கு வழக்கம் அளித்த கேலியுரிமையை, அது மறுக்கப்பட்ட அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் நகைச்சுவை நடிகர்கள்தாம் பெற்றுத் தந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

இரவல் வாங்க ஏற்றபடி அந்த வசனங்கள் அமைந்ததற்குத் தமிழ்த் திரையுலகின் தொழில்முறையே ஒரு காரணம். என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இணையின் காலத்திலிருந்தே நகைச்சுவைப் பகுதி மூலக்கதையோடு அதிகம் ஒட்டாமல் தனியாக எழுதப்பட்டுப் படத்தில் சேர்க்கப்படும் வழக்கம் வேரூன்றியது. ட்ராக் என்று திரைத்துறையினர் குறிப்பிடுவது இந்தத் தனிப் பகுதியைத்தான். கதையோடு பிணையாததால் அதைப் படத்திலிருந்து உருவி எடுப்பது எளிதாக இருந்தது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் நாகேஷ் நடித்த தருமியின் புலம்பலை ஊர்த் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகள் பரப்பின. வானொலி ஒலிச்சித்திரம் என்ற பெயரில் படங்களின் ஒலியை மட்டும் ஒலிபரப்பியது. பின்னர் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகள் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் துண்டு துண்டாக நாள் முழுவதும் காட்டின. படம் எதுவென்றே அறியாத பிள்ளைகளுக்கும் வசனம் மனப்பாடம் ஆனது இப்படித்தான். விமரிசகர்கள் குறையாகக் கண்ட ஒட்டாத்தன்மையே இங்கு வீடுகளுக்கு வரமாக அமைந்தது.

கவுண்டமணி, செந்தில் இணை உடன்பிறந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது தனியே நோக்கத்தக்கது. கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியில், இரண்டு பழம் வாங்கி வரப் போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்று எத்தனை முறை, எத்தனை விதமாகக் கேட்டாலும், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்று முகம் மாறாமல் சாதிக்கிறார். அதிகாரம் முழுவதும் ஒருவரிடம். ஆனால் வெற்றி மற்றவருக்கு. கடைக்கு அனுப்பப்பட்டு, மீதிச் சில்லறைக்குக் கணக்குக் கேட்கப்பட்டு, உதையும் வாங்கிய தம்பிகள் எல்லாருக்கும் இந்தக் காட்சி தம் வரலாறாகவே தோன்றுவதில் வியப்பில்லை. அடி வாங்குபவரே அடிப்பவரைப் பைத்தியமாக்குகிறார் என்பதில் தம்பிகளுக்கு உள்ள நிறைவு அண்ணன்களுக்கு எளிதில் விளங்காது.

பெற்றோர் மீதான கேலிக்கும் திரையில் முன்மாதிரி உண்டு. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், பணம் தர மறுக்கும் தந்தைக்குப் பேய்க்கதை சொல்கிறார். கதவு கிறீச்சிடும் ஒலியை அவர் வாயாலேயே எழுப்ப எழுப்ப, தந்தையாக நடித்த டி. எஸ். பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. நாகேஷைவிட பாலையாவே அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார். மகன் முன் அஞ்சக் கூடாத தந்தை அஞ்சிவிட்டார் என்பதுதானே சிரிப்பு.

கேலிக்கு மட்டுமன்றி அன்புக்கும் இரவல் தேவைப்படுகிறது. ஏ. பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக நடித்த ‘பாசமலர்’ (1961) வெளிவந்தபோது திரையரங்குகளில் கண்ணீர் பெருகியது. இன்றோ அந்தப் பெயர் பெரும்பாலும் கேலிச் சொல்லாகவே வழங்குகிறது: தங்கைக்குப் பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிச் செல்லும் அண்ணனைப் பார்த்து, வீட்டில் உள்ள மூன்றாவது பிள்ளை சொல்வது அந்தப் பெயரைத்தான். உருக்கமான படம் கிண்டலாக மாறியதை ரசனை வீழ்ச்சி என்று சிலர் வருந்தலாம். ஆனால் அன்பை வாய்விட்டுச் சொல்லக் கூசும் குடும்பங்களில், அன்பு இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டே அதைப் பார்த்துச் சிரிக்கவும் அந்த ஒற்றைப் பெயர் இடம் தருகிறது. 

இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க் 1963இல் வெளியிட்ட தம் குடும்ப நினைவு நூலில், உடன்பிறந்தவர்கள் எத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்தாலும், இருளிலும்கூட, வீட்டில் புழங்கிய ஒரு சொற்றொடரைக் கொண்டே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற கருத்தை விளக்குகிறார். அவருடைய வீட்டில் அந்தச் சொற்றொடர்கள் தந்தையின் வசவுகளிலிருந்தும் தாயின் கதைகளிலிருந்தும் வந்தவை. தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் திரையிலிருந்து வந்தவை என்பதே வேறுபாடு. வசனம் ஊருக்கெல்லாம் பொதுவானாலும், அது எந்த நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்தந்த வீட்டுக்கே உரியது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி தீய்ந்ததும், அப்போது தம்பி அடித்த வடிவேலு வசனமும் ஒன்றாகிவிட்ட வீட்டில், புதிதாக வந்த மருமகளுக்கு வசனம் தெரியும், சிரிப்பு புரியாது. விளக்கினாலும் பயனில்லை, அவள் இருந்து பார்த்த நிகழ்ச்சிகள் சேரச் சேரத்தான் அவளும் சிரிப்பில் கலந்துகொள்கிறாள்.

கைப்பேசி வந்தபின் இந்தப் புழக்கம் குறையவில்லை, ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சி, 2019 மே மாதத்தில், படம் வந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், சமூக ஊடகங்களில் உலக அளவில் பேசப்பட்டது. நேசமணி நலம் பெற வேண்டிய வேண்டுதல்களைக் கண்டு தமிழறியாதவர்கள் திகைத்தார்கள். துபாயில் இருக்கும் தம்பியும் திருச்சியில் இருக்கும் அக்காவும் வாரக்கணக்கில் பேசாவிட்டாலும், வடிவேலு முகம் பதித்த ஸ்டிக்கர் ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் மறுமொழியாக அடுத்த ஸ்டிக்கர் வந்துவிடுகிறது.

இந்த உரிமத்துக்கும் எல்லை உண்டு. பாகப்பிரிவினை பேசத் தொடங்கிய வீட்டில் அதே வசனம் குத்தலாகக் கேட்கும். அண்ணன் தம்பி என்ற உறவு பங்காளி என்ற உறவாக மாறும்போது, கவுண்டமணியின் குரலுக்குப் பின்னால் இருப்பவன் தம்பிதான் என்பது திடீரென எல்லாருக்கும் நினைவுக்கு வந்துவிடுகிறது. அப்போது குழுவில் காலை வணக்கப் படங்களும் மாமா அனுப்பும் மருத்துவக் குறிப்புகளும் மட்டுமே வந்துகொண்டிருக்கும். தமிழ் வீடுகளில் உடன்பிறந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை. சண்டை தணிந்துவிட்டதா என்று அறிய விரும்பும் தாய், எவனாவது பழையபடி எவனையாவது செந்திலாக்குகிறானா என்றுதான் கவனிக்கிறாள்.