ஒரே பேர், ரெண்டு விதி: ரூல்புக் மாறும்போது என்ன ஆகுது?

போன மாசம் எங்க டேபிள்ல ஒரு சண்டை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிட்டிருந்தோம். ஃபைட்டரா ஆடற நண்பன் அடிபட்டு விழுந்துட்டான். நான்தான் கிளெரிக். 'கியூர் வூண்ட்ஸ்' மந்திரம் போட்டேன். எட்டு முக டைஸ் ஒண்ணு உருட்டினேன், 3 விழுந்துச்சு. என் போனஸ் 3 சேர்த்து 6 ஹிட் பாயிண்ட். எழுந்து நின்னான். அடுத்த அடியிலேயே ஓகர் 11 டேமேஜ் கொடுத்து மறுபடி சாய்ச்சிருச்சு.

"டேய், ரெண்டு டைஸ் உருட்டணும்டா"ன்னு தன் புத்தகத்தை நீட்டினான். என் புத்தகத்துல ஒண்ணுதான் போட்டிருக்கு. ரெண்டு பேர் சொன்னதும் சரி. என்கிட்ட இருந்தது 2014-ல வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக். அவன்கிட்ட இருந்தது 2024-ல வந்தது. பேர் ஒண்ணு, விதி வேற. அதனால இந்த எபிசோட்ல, விதியைத் திருத்தினா நம்ம கையில இருக்கற புத்தகத்துக்கு என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.

திருத்தம் மூணு அளவுல வரும். முதலாவது, எர்ராட்டா, அதாவது பிழைதிருத்தம். கம்பெனி ஒரு பட்டியல் வெளியிடும். அடுத்த அச்சுல அதைச் சேர்த்துடுவாங்க. அட்டை அப்படியே இருக்கும், உள்ளே வரி மாறியிருக்கும். 2014 புத்தகத்துல இருந்த 'கான்டேஜியன்' மந்திரம், பட்டவுடனே நோயைக் கொடுத்துடும். 2018 எர்ராட்டாவுல, எதிராளி மூணு முறை சேவிங் த்ரோ தோத்தாதான் நோய்னு ஆச்சு. நாலு வருஷ இடைவெளியில வாங்கின ஒரே புத்தகம், ரெண்டு விதமா பேசும்.

ரெண்டாவது, பாதித் திருத்தம். மூணாவது எடிஷன் 2000-ல வந்துச்சு. மூணே வருஷத்துல, 2003-ல, 3.5 வந்துச்சு. 'ஹேஸ்ட்' மந்திரம் இருந்தா விசார்ட் ஒரே ரவுண்ட்ல ரெண்டு மந்திரம் போடலாம்ங்கறது போயிடுச்சு. ஆட்டத்துக்கு நல்ல திருத்தம்தான். ஆனா மூணு அடிப்படைப் புத்தகத்தையும் மறுபடி வாங்கணும். பழைய விதிக்கு அச்சடிச்ச மத்த பதிப்பாளர்களோட புத்தகங்களும் பழசாயிடுச்சு.

மூணாவது, முழு எடிஷனே மாறறது. 2008-ல நாலாவது எடிஷன் வந்தப்ப பலருக்குப் பிடிக்கல. 3.5 விதிகள் ஓப்பன் லைசென்ஸ்ல இருந்ததால, அதை வெச்சே பைசோ கம்பெனி 2009-ல பாத்ஃபைண்டரை வெளியிட்டுச்சு. கைவிடப்பட்ட விதி, இன்னொரு பேர்ல உயிரோட இருந்துச்சு.

இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு. பழைய சாகசக் கதைப் புத்தகங்களைப் புது 2024 விதியோட ஆடலாம்னு சொல்றாங்க, ஆடவும் முடியும். ஆனா அந்தப் புத்தகத்துல 'பூசாரிக்கு கியூர் வூண்ட்ஸ் தெரியும்'னு மட்டும்தான் இருக்கும். எத்தனை டைஸ்னு இருக்காது. அதனால ஒரு எழுத்துகூட மாறாமலே, அந்தப் பழைய கதையோட சண்டைக் கணக்கு மாறிடுது.

இதெல்லாம் காகிதக் கதை. டிஜிட்டல்ல நிலைமை இன்னும் சிக்கல். 2024 ஆகஸ்ட்ல, டி அண்ட் டி பியாண்ட் கேரக்டர் ஷீட்ல இருக்கற பழைய மந்திரங்களும் மாயப் பொருட்களும் புது வடிவத்துக்கு மாறிடும்னு அறிவிச்சாங்க. பழசு வேணும்னா நாமளே ஹோம்ப்ரூவா ஏத்திக்கணுமாம். காசு கொடுத்து வாங்கினவங்க கொதிச்சுட்டாங்க. சில நாள்லயே கம்பெனி பின்வாங்குச்சு. அலமாரியில இருக்கற புத்தகத்தை யாரும் ராத்திரியில வந்து திருத்த முடியாது, ஆனா ஆப்ல இருக்கறதைத் திருத்தலாம்.

அதனால, புது விதி வந்துச்சுன்னு பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் நாளே, கேரக்டர் உருவாக்கறதுக்கு முன்னாடி, 'நம்ம டேபிள்ல எந்த வருஷத்துப் புத்தகம்?'னு கேட்டு முடிவு பண்ணுங்க. எர்ராட்டா சேருமான்னும் பேசிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. நாங்க அதைச் செய்யாம அரை மணி நேரத்தை இழந்தோம்.

கடைசியில எங்க டிஎம், "2024-தான், ரெண்டாவது டைஸை உருட்டு"ன்னார். 7 விழுந்துச்சு. ஆக மொத்தம் 13. ஓகர் அடி போக, 2 பாயிண்ட்ல நண்பன் நின்னுட்டிருந்தான். என் 2014 புத்தகம் இன்னும் டேபிள்ல இருக்கு. உள் அட்டையில பென்சில்ல 'வருஷம் பார்'னு எழுதி வெச்சிருக்கேன்.

உங்க டேபிள்ல எந்த வருஷம்? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.