ஏழு மாதப் பிள்ளையின் காது

இலுப்பைக்கடவையிலிருந்து ஓர் அம்மம்மா எழுதியிருக்கிறார். மகளும் மருமகனும் ரொறொன்ரோவில். பேரனுக்கு ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வட்ஸ்அப்பில் அவன் முகம் பார்த்துக் கதைக்கிறார். “அவனுக்கு என்ன மாமி விளங்கும், ஏன் கத்துறீங்கள்?” என்கிறாராம் மருமகன். உண்மையாகவே ஒன்றும் விளங்காதா என்று கேட்கிறார்.

நாலு பிள்ளை வளர்த்தவருக்குக் குப்புறப் படுப்பதையும் தவழ்வதையும் நான் சொல்லத் தேவையில்லை. காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

‘பத்து’ என்னும்போது நாக்கு பல்லில் படுகிறது. ‘பட்டு’ என்னும்போது மடிந்து அண்ணத்தில் தட்டுகிறது. நமக்கு இரண்டும் வேறு வேறு. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கோ அநேகமாக ஒரே ஒலி. கனடாவின் வன்கூவரில் ஜனற் வேர்க்கரும் றிச்சர்ட் ரீஸும் இதே வேறுபாட்டை இந்தி ஒலிகளைக் கொண்டு, ஆங்கில வீட்டுக் குழந்தைகளிடம் சோதித்து 1984இல் வெளியிட்டார்கள். பிள்ளை தாயின் மடியில் இருக்கும். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். ஒலி மாறியதும் தலையைத் திருப்பினால் பக்கத்துப் பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். தாய் தன்னை அறியாமல் குறிப்புக் காட்டிவிடாதபடி அவர் காதில் பாட்டு ஓடும்.

ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சரியாகத் திரும்பினார்கள். இந்தி அறியாத அந்தத் தாய்மாருக்குக் கேட்காத வேறுபாடு மடியில் இருந்த பிள்ளைக்குக் கேட்டது! பத்து, பன்னிரண்டு மாதமானபோது ஆங்கில வீட்டுப் பிள்ளைகளில் மிகச் சிலரே திரும்பினார்கள். இந்தி வீட்டில் வளர்ந்தவர்கள் அந்த வயதிலும் திரும்பினார்கள்.

கேட்காத ஒலிக்கான வழி மெல்ல மூடிக்கொள்கிறது, எங்கள் ஒழுங்கைகளைப் போல. சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது ஆட்கள் நடமாடிய ஒழுங்கைகள் மட்டுமே கிடந்தன. மற்றவற்றை விடத்தல் முள் மூடியிருந்தது. வெட்டித் திறக்கலாம்தான், கை கிழியும். வளர்ந்தபின் ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் வகுப்புக்குப் போகும் புலம்பெயர் பிள்ளைகளைப் பார்க்கையில் அந்த முள்தான் நினைவுக்கு வரும்.

ஒலி காதில் விழுந்தால் மட்டும் போதாது. பற்றீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர் நேரில் இருந்து பன்னிரண்டு முறை விளையாடிக் கதைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

இங்கே ஃபோனில் பாட்டைப் போட்டுக் காட்டியபடி பிள்ளைக்குச் சோறு தீத்துவதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கிளினிக் கொப்பியில் நிறைக் கோட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். பிள்ளை இன்று எத்தனை பேரோடு ‘கதைத்தது’ என்று யார் கேட்கிறோம்?

அம்மா, உங்கள் அழைப்பு அந்தப் பாட்டைப் போன்றதல்ல. அவன் ‘ங்கா’ என்றால் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள் அப்படிப் பதில் தரும் காணொளி அழைப்பில் புதுச் சொல் கற்றதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஏழு மாதத்துக்கு மடியின் சூடும் வேண்டும். ஆகவே நீங்கள் கதைக்கும்போது அவனை மருமகனின் மடியில் இருத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவரும் அவன் முகம் பார்த்துத் திருப்பிச் சொல்லட்டும்.