95 டிகிரி என்ன சொல்கிறது? லிக்விட் கூலரை எடை போடுவது பற்றிச் சில குறிப்புகள்

நண்பர் ஒருவர் விலை கூடிய 360 மிமீ லிக்விட் கூலர் வாங்கி மாட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். "இவ்வளவு செலவு பண்ணியும் 95 டிகிரியிலயே நிக்குதுங்க. ஏமாந்துட்டேனா?" அவருடையது ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸர். பழைய ஏர் கூலரிலும் இதே 95தான் காட்டியதாம். திருப்பி அனுப்ப இரண்டு நாள்தான் பாக்கி. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

முதலில் அந்த 95. ஏஎம்டி 2022-இல் வெளியிட்ட இந்த ப்ராசஸர், முழு வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டும். 95-ஐத் தொட்டதும் தானாகக் குறைத்துக்கொள்ளும். இது போக, 230 வாட் என்று மின்சாரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆக, சுமாரான கூலரிலும் 95 காட்டலாம், நல்ல கூலரிலும் 95 காட்டலாம். அந்த 95-இல் நிற்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, அறை வெப்பநிலை. தண்ணீர் குளிரை உண்டாக்குவதில்லை. ப்ராசஸர் மேலிருக்கும் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அங்கிருந்து எடுத்துப்போவது காற்றுதான். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் செய்த டெஸ்ட்டையும், மே மாதத்து 34 டிகிரி அறையையும் நேரடியாக ஒப்பிட முடியாது. வாட்டை ஒரே அளவில் நிறுத்திவிட்டு, ப்ராசஸர் வெப்பநிலையில் இருந்து அறை வெப்பநிலையைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் வேண்டும். உள்ளே 300 கிராம் இருக்கிறது, 200 வாட் சூடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர் வேலையே செய்யாவிட்டாலும் ஒரு டிகிரி ஏற சுமார் 6 விநாடி, 20 டிகிரி ஏற 2 நிமிடம் ஆகும். ரேடியேட்டர் வேலை செய்வதால் இன்னும் மெதுவாக ஏறி, பல நிமிடம் கழித்துத்தான் நிலைக்கும். அதனால் ஐந்து நிமிட டெஸ்ட் லிக்விட் கூலருக்குச் சாதகம். அரை மணி நேரமாவது ஓடவிடணும்.

நான்காவது, சத்தம். ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டால் எந்தக் கூலரும் நல்ல கூலர்தான். ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் நியாயம். போன் ஆப் டெசிபலைத் துல்லியமாகச் சொல்லாது. ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்தால் இரண்டு கூலரை ஒப்பிடப் போதும்.

இப்படி இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டினோம். லிக்விட் கூலர் ஏமாற்றவில்லை: அரை மணிக்குப் பிறகும் கூடுதல் வாட்டில், குறைந்த சத்தத்தில் நின்றது. ஆனால் அவருக்கு வேண்டியது வாட் இல்லையே! அவருடைய ப்ராஜெக்ட்டை கம்பைல் செய்து பார்த்தோம். மிச்சமான நேரம் கொஞ்சம்தான். காரணம், உச்சிக்குப் பக்கத்தில் வேகத்தைச் சிறிது கூட்டவும் வோல்டேஜை ஏற்ற வேண்டும்; மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். கடைசி வாட்களுக்குக் கிடைக்கும் வேகம் ரொம்பக் கம்மி.

பிறகு பயாஸில் 105 வாட் எக்கோ மோட் போட்டோம். அதில் உண்மையான வரம்பு 142 வாட். பழைய ஏர் கூலரே 95-க்கு நன்றாகக் கீழே, சத்தமில்லாமல் நின்றது. கம்பைல் நேரம் சற்றே கூடியது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசித்தோம். ஏர் கூலரில் ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றலாம். இந்த மாதிரி மூடிய லிக்விட் கூலரில் பம்ப் போனால் பெரும்பாலும் மொத்தமாகவே மாற்ற வேண்டும். ரப்பர் குழாய் வழியாகத் திரவமும் வருடக்கணக்கில் மெல்லக் குறையும்.

நாள் முழுக்க ரெண்டரிங் ஓட்டுபவர், உயரமான ஏர் கூலர் நுழையாத கேபினெட் வைத்திருப்பவர் என்றால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். நண்பர் மறுநாள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டார். உங்களுக்கும் அந்த 95 பயம் இருந்தால், வாங்குவதற்கு முன்னால் எக்கோ மோடை ஒரு வாரம் போட்டுப் பாருங்க. அதுக்குக் காசு கிடையாது.