உங்களுக்குத் தெரியுமா? உதாரா, நிஜமா!

மதுரை ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறியிருப்பீர்கள். ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். அந்த மலை மேல் ஒரு காது இருந்தது தெரியுமா? சோவியத் யூனியன் குண்டு வெடித்தாலும் சீனா வெடித்தாலும் கேட்கும் காது!

1960-களில் அமெரிக்கா உலகம் முழுக்க சுமார் 120 இடங்களில் நில அதிர்வுக் கருவிகளை வைக்க ஏற்பாடு செய்தது. ரகசியமாகப் பூமிக்கடியில் வெடிக்கும் அணுகுண்டுகளைப் பிடிக்கத்தான்! அதில் ஒரு இடம் நம் கொடைக்கானல் வானாய்வுக்கூடம். மதுரை பசுமலையிலிருந்து 120 கிலோமீட்டர்தான்!

    

சர்வாதிகாரியின் வாய் உதார் விடும். பூமி விடாது! பூகம்பம் என்றால் பாறை உரசி நழுவும். ஒரு பக்கம் தள்ளும், ஒரு பக்கம் இழுக்கும். குண்டு என்றால் எல்லாப் பக்கமும் தள்ளும். முதல் அதிர்விலேயே ஆள் மாட்டிக்கொள்வார்!

உலகத்தின் மிகப்பெரிய உதார் யாருடையது? என் ஓட்டு சோவியத் தலைவர் குருஷேவுக்கு! ஏவுகணைகளைத் தொத்திறைச்சி மாதிரி உருட்டி உருட்டிச் செய்கிறோம் என்று மார் தட்டினார். அமெரிக்கா நடுங்கியது. 1960-ல் அமெரிக்காவைத் தாக்கத் தயாராக நின்ற சோவியத் கண்டம் தாண்டும் ஏவுகணைகள் எத்தனை தெரியுமா? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

அதைப் போட்டு உடைத்தது கேமரா! 1960 ஆகஸ்ட்டில் ஒரு அமெரிக்க உளவு செயற்கைக்கோள் படம் எடுத்து, ஃபிலிம் சுருளை பாராசூட்டில் கீழே போட்டது. கடலைத் தொடுமுன் விமானம் ஒன்று வானத்திலேயே கொக்கி போட்டுப் பிடித்துவிட்டது!

அதே குருஷேவ் 1962-ல் கியூபாவில் உதார் விடவில்லை. அங்கே அணுகுண்டு முனைகள் வந்து இறங்கியதற்கு சி.ஐ.ஏ.விடம் உறுதியான ஆதாரமே இல்லை. உண்மையில் இருந்தவை நூற்றுக்கும் மேல்! அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்நமாராவுக்கே இது தெரிந்தது 1992-ல். முப்பது வருஷம் கழித்து!

சீனத் தலைவர் மாவோ 1946-ல் அணுகுண்டைக் காகிதப் புலி என்றார். 18 வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 16, அந்தப் புலியைத் தானே வெடித்தார்!

அடுத்த வருஷமே சீனாவை ஒட்டுக்கேட்க ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு இந்திய, அமெரிக்க மலையேறிகள் நந்தாதேவி ஏறினார்கள். உயரம் 7,816 மீட்டர்! புயல் மடக்கியது. கருவியை மலையிலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். 1966-ல் போய்ப் பார்த்தால் காணோம்! அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? புளூட்டோனியம்! இன்றுவரை கிடைக்கவில்லை!

இப்போது வட கொரியா. இதை நிதானமாகக் கேளுங்கள், நான் தேடியதிலேயே தங்கக் கட்டி இதுதான்!

2006 அக்டோபர் 9. முதல் வெடிப்பு. 4 கிலோ டன் வெடிக்கப்போகிறோம் என்று சீனாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம். பூமி அளந்து சொன்னது: 1 கிலோ டன் கூடத் தேறவில்லை! ஹிரோஷிமா குண்டு 15!

2016 ஜனவரி 6. ஹைட்ரஜன் குண்டு வெடித்துவிட்டோம் என்று டி.வி.யில் முழக்கம். அதிர்வு 5.1. அட, 2013-ல் அவர்கள் வெடித்த சாதாரண அணுகுண்டுக்கும் அதே 5.1! உலகமே உதார் என்றது.

2017 செப்டம்பர் 3. மறுபடியும் ஹைட்ரஜன் குண்டு என்றார்கள். அதிர்வு? 6.3! ரிக்டரில் ஒரு புள்ளி ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு! உதார் என்று சிரித்து இருபதே மாதம்தான் ஆகியிருந்தது!

அந்தக் குண்டு வெடித்த மாண்டாப் மலையே 3.5 மீட்டர் வரை நகர்ந்தது. ரேடார் செயற்கைக்கோள் அளந்த கணக்கு! மலையின் உயரம் 2,205 மீட்டர். நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்!

குண்டுக்கு வாசனையும் உண்டு! செனான் என்ற வாயு பாறை இடுக்கு வழியே கசிந்து வரும். 2006-ல் வெடித்த குண்டை இரண்டு வாரம் கழித்துக் கனடா மோப்பம் பிடித்தது. 7,000 கிலோமீட்டருக்கு அப்பால்! 2013-ல் வெடித்ததை ஜப்பானின் தகாசாகி நிலையம் 55-வது நாள் பிடித்தது!

இப்படிக் கேட்கவும் மோப்பம் பிடிக்கவும் உலகம் போட்ட திட்டத்தில் மொத்தம் 337 இடங்கள், 89 நாடுகளில். இந்தியாவில் எத்தனை? பூஜ்யம்! அந்தத் திட்டத்துக்கு அடிப்படையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்தே போடவில்லை!

ஆனால் நமக்குச் சொந்தக் காது இருக்கிறது! பெங்களூருக்குப் பக்கத்தில் கௌரிபிதனூர். 1965-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது!

மறுபடி உதாருக்கு வருவோம். ஈராக்கின் சதாம் உசேன் வேறு ரகம். கையில் பேரழிவு ஆயுதம் ஒன்றுமே இல்லை. இருப்பது போலவே காட்டிக்கொண்டார். பிடிபட்ட பிறகு எஃப்.பி.ஐ.யிடம் காரணம் சொன்னார்: ஈரான் பயப்பட வேண்டுமே! அந்த உதாருக்கு விலை ஒரு நாடு!

நம் வாசலுக்கே வந்த மிரட்டல் தெரியுமா? 1987 ஜனவரி. ராஜஸ்தானில் 'பிராஸ்டாக்ஸ்' என்ற பிரம்மாண்டப் படைப் பயிற்சி. நடத்திய ராணுவத் தளபதி யார்? செங்கல்பட்டில் பிறந்த தமிழர், ஜெனரல் சுந்தர்ஜி! எதிரே பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக்!

ஜனவரி 28. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான், இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் சொன்னார்: எங்களிடம் குண்டு இருக்கிறது, வாழ்வா சாவா என்று வந்தால் போடுவோம்! லண்டன் பத்திரிகையில் அது அச்சானது எப்போது? மார்ச் 1!

அதற்குள் என்ன நடந்தது பாருங்கள். பிப்ரவரி 4, படைகளை விலக்க உடன்பாடு! அதே பிப்ரவரியில் ஜியா ஜெய்ப்பூருக்கே வந்து கிரிக்கெட் பார்த்தார்! மிரட்டல் ஊருக்குத் தெரிந்தபோது மிரட்டிய நாட்டின் தலைவர் மேட்ச் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்! சில நாளில் கான், 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்றார். 11 வருஷம் கழித்து, 1998 மே 28, பாகிஸ்தான் வெடித்தே காட்டியது!

சுந்தர்ஜி ஓய்வு பெற்றபின் ஒரு நாவல் எழுதினார். 1993-ல் வந்தது. கதை என்ன? இந்தியா பாகிஸ்தான் அணு ஆயுதப் போர்! நடக்கக் கூடாது என்று ஒரு தளபதியே உட்கார்ந்து எழுதிய புத்தகம். எனக்கு இதில்தான் மயிர்க்கூச்செறிந்தது!

கடைசியாக ஒன்று. 1985 டிசம்பரில் டெல்லி வந்த அதே ஜியா, ராஜீவ் காந்தியிடம் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார்: உன் அணு நிலையத்தை நான் அடிக்க மாட்டேன், என்னுடையதை நீ அடிக்காதே! 1988 டிசம்பர் 31-ல் அது எழுத்தில் ஏறியது. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் இரண்டு நாடுகளும் அணு நிலையப் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் வந்தது, பட்டியல் நிற்கவில்லை. நாடாளுமன்றத் தாக்குதலும் மும்பைத் தாக்குதலும் வந்தன, நிற்கவில்லை. 2025 ஜனவரி 1-ல் மாற்றிக்கொண்டது எத்தனையாவது முறை தெரியுமா? 34!